ஏரிக்கு மேல் இரண்டு கொக்குகள்

கண்ணாடிக்காரம்மாவின் கணக்கில் தொண்ணூற்றொன்பது ரோலர் கோஸ்டர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

ஏறாமல் ஏய்த்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஏறினாள், ஒவ்வொன்றிலும் ஏறினாள். தலைகீழாகத் தொங்கினாள், தொண்டை கட்டுகிற வரை கத்தினாள், இறங்கிய கையோடு இன்னொரு தடவை போகலாமா என்று முதல் ஆளாகக் கேட்டாள். அத்தனையும் நிஜம். கண்ணை மட்டும் திறக்கவில்லை. பாதுகாப்புக் கம்பி மடியில் வந்து விழுகிற சத்தம் கேட்டதும் அவளுடைய இமைகள் இரண்டும் கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். கோஸ்டர் ஒரு சுற்று முடித்து நின்ற பிறகுதான் மறுபடி மேலே போகும்.

இத்தனைக்கும் அவளுக்குத் தொழிலே கண்தான். இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஒரு சுவர் முழுக்க ஃபிரேம்கள், எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, நடுவில் நாடியை வைத்து உட்காருகிற மெஷின். அந்த மெஷின் கண்ணுக்குள் புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை ஊதும். அதற்கே வருகிறவர்கள் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். “இத்துனூண்டு காத்துக்கே கண்ணை மூடினா எப்படிங்க? ஒண்ணும் ஆகாது. நாடியை வைங்க, பச்சை லைட்டை மட்டும் பாருங்க, நான் சொல்ற வரைக்கும் மூடக் கூடாது” என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வாள். குரலில் ஓர் அதட்டல் வேறு இருக்கும். வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்த அதட்டலையாவது குறைத்திருக்க வேண்டும்.

நாலு வருடமாக இந்தத் திருட்டுத்தனம் வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம், அவளே தன் கடையில் உட்கார்ந்து செய்த ஒரு கறுப்புக் கண்ணாடி. பக்கவாட்டிலும் மூடியிருக்கும், பின்னால் பட்டை எலாஸ்டிக், உள்ளே இருப்பது கண்ணா கத்தரிக்காயா என்று எவருக்கும் தெரியாது. “வேகத்துல காத்து பட்டா கருவிழி காஞ்சுடும், என் தொழில் எனக்குத் தெரியாதா” என்று சொல்லி வைத்திருந்தாள். தொழில்காரி சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

எதற்கு இந்தப் பாடு என்றால், கோஸ்டர் கோஸ்டராகத் தேடிப் போய் ஏறுகிற அவர்களுடைய நாலு பேர் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கண்ணை மூடினால் கணக்கில்லை. சட்டம் போட்டது அவளுடைய சம்பந்தியம்மா, அதாவது மருமகனைப் பெற்றவள். சம்பந்தியம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கண் ரோட்டில் இல்லாதவன் வண்டியில் இருந்தும் இல்லாதவன் என்பது அவள் கொள்கை. அதை ரோலர் கோஸ்டருக்கும் கொண்டுவந்துவிட்டாள். சட்டம் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. இரண்டு வருடம் முன்னால் அவளுடைய சொந்தத் தம்பி ஒரு கோஸ்டரின் பெரிய இறக்கத்தில் தும்மிவிட்டான். தும்மினால் கண் மூடும், மூடினால் கணக்கில்லை, அடித்துவிடு என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மூன்று மணி நேரம் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய், அவனைத் தும்மாமல் ஏறவைத்து, அதன் பிறகே கணக்கில் சேர்த்தாள்.

அந்தத் தம்பி தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலையில் இருந்தான். மீட்டர் தம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். யார் யார் எந்தக் கோஸ்டரில் ஏறினார்கள் என்று ஒரு தடி நோட்டில் கட்டம் போட்டு எழுதுவது அவன் பொறுப்பு. நாலாவது ஆள் ஒரு பல் டாக்டர். அறுபது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. கோஸ்டரில் மட்டும் அடக்க முடியாமல் சிரிப்பார், அதுவும் ஊரைக் கூட்டுகிற சிரிப்பு.

கண்ணாடிக்காரம்மா இந்தக் கூட்டத்தில் வந்து மாட்டிய கதை ஒரு வார்த்தைக் கதை. கல்யாணப் பேச்சுக்காக இரண்டு குடும்பமும் முதல் தடவை உட்கார்ந்தபோது சம்பந்தியம்மா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி, “உங்களுக்கு ரோலர் கோஸ்டர் பிடிக்குமா?” என்று கேட்டாள். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் முதல் கேள்விக்கே இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும். “உயிர்” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள்.

ஏறியதுதான் வினையாகிவிட்டது. கண்ணை மூடியிருந்தபோதே வயிறு எங்கோ பறந்தது, கால் இரண்டும் தன்னுடையதாக இல்லை, பக்கத்தில் சம்பந்தியம்மா அவள் கையை நசுக்கிக்கொண்டு விசில் அடித்தாள். இறங்கிவந்து இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதற்கு என்றே தெரியாமல் கால் மணி நேரம் சிரித்தார்கள். அதற்கு முன்னால் எப்போது அப்படிச் சிரித்தோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள், ஞாபகமே வரவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். கடை உண்டு, வீடு உண்டு என்று ஓடிய வாழ்க்கையில் ஐம்பது வயதில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். இப்போது தினமும் கடை அடைத்ததும் போன். இன்றைக்கு எவன் கிளட்ச்சுக்குப் பதில் பிரேக்கை மிதித்தான், எவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார் என்று பேசிப் பேசி இரண்டு வீட்டிலும் சோறு ஆறிவிடும்.

அதனால்தான் பயம். பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படியும் நன்றாகத்தான் இருப்பார்கள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. விஷயம் தெரிந்தால் சம்பந்தியம்மா தன்னோடு சிரிப்பதை நிறுத்திவிடுவாள் என்பதுதான் பயம்.

ஒரு பொய் தனியாக இருக்காது அல்லவா. ஒவ்வொரு கோஸ்டருக்கும் பிறகு மற்றவர்கள், மேலிருந்து என்ன தெரிந்தது என்று பேசுவார்கள். அவள் அரைப் பேச்சைக் கேட்டு மீதி அரையைத் தானே தைத்துக்கொள்வாள். ஏரிக்கரையில் ஒரு கோஸ்டர். இறங்கியதும் சம்பந்தியம்மா, “மேல போனதும் ஏரி முழுசா தெரிஞ்சுதே, பார்த்தீங்களா?” என்றாள். கண்ணாடிக்காரம்மா சும்மா இருந்திருக்கலாம். “பார்த்தேனே, ரெண்டு கொக்கு கூடப் பறந்துச்சே” என்றாள். சம்பந்தியம்மா அசந்துபோனாள். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், “நூறு அடி மேல, அந்த வேகத்துல, கொக்கைப் பார்த்தவங்க எங்க சம்பந்தி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரம்மாவுக்குக் காது சூடாகும்.

இப்போது நூறாவது வந்துவிட்டது. நாலு நாள் பயணம், டிரைவிங் ஸ்கூல் வேனில். மேலே ஸ்கூல் பெயர்ப் பலகை, முன் சீட்டில் டிரைவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டுக்கு ஒரு பிரேக். பல் டாக்டர் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, லாரி ஏதாவது எதிரே வந்தால் பயத்தில் அந்தப் பிரேக்கை அழுத்திவிடுவார். வேன் நடு ரோட்டில் குலுங்கி நிற்கும். “டாக்டர், நான் என்னைக்காவது உங்க கிளினிக்குக்கு வந்து டிரில்லை எடுத்திருக்கேனா?” என்று சம்பந்தியம்மா கேட்பாள். அவர் காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொள்வார். வழியெல்லாம் கோஸ்டர்கள். மரத்தால் கட்டிய ஒன்று ஏறியவர்களைச் சல்லடையில் போட்டுச் சலித்து அனுப்பியது. ஒரு சின்னப் பூங்காவில் குழந்தைகளுக்கான பச்சைப் புழு கோஸ்டர். முட்டி முகவாயில் இடிக்க அந்தப் புழுவிலும் நாலு பேரும் ஏறினார்கள், கணக்கு என்றால் கணக்குத்தானே. அதன் உயரம் கண்ணாடிக்காரம்மாவின் இடுப்பு வரை இருந்தது. அதிலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நூறாவதற்கென்று தனி மரியாதை உண்டு. நூறு போடுகிறவருக்கு முதல் வரிசை. பெரிய இறக்கத்தில் பூங்காவின் கேமரா எடுக்கிற படத்தை வாங்கி வேனின் உள்கூரையில் ஒட்டுவார்கள். ஏற்கெனவே அங்கே மூன்று படங்கள் இருந்தன. நாலாவதற்கு நெட்டை என்கிற கோஸ்டரைச் சம்பந்தியம்மாவே தேர்ந்தெடுத்திருந்தாள். அவர்கள் இதுவரை ஏறிய எல்லாவற்றையும்விட உயரமானது அது, அவர்களில் எவரும் அதில் ஏறியதில்லை.

நாலாம் நாள் காலை, தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டு அறையில் மீட்டர் தம்பி ரொட்டியை மென்றுகொண்டே போனில் நெட்டையின் விதிமுறைகளைப் படித்தான். “தொப்பி கூடாது. செருப்பு கூடாது. முகத்துல எதுவும் போட்டிருக்கக் கூடாதாம். மூக்குக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி, பட்டை கட்டினதுன்னாலும் கழட்டிடணும்.”

கண்ணாடிக்காரம்மாவின் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது.

“அக்கா, உங்க கருவிழி காஞ்சுடாதா?” என்று அவன் அக்கறையாகக் கேட்டான்.

“ஒரு தடவைதானே, காயட்டும்” என்றாள் சம்பந்தியம்மா. “ஒரு விதத்துல நல்லதுதான். படத்துல இவங்க கண்ணு தெரியும். கொக்கைப் பார்த்த கண்ணு.”

அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு உடம்பில் இல்லாத நோயெல்லாம் வந்தது. முதலில் வயிறு சரியில்லை என்றாள். “காலி வயித்தோட ஏறினா இன்னும் நல்லாருக்கும்” என்று சம்பந்தியம்மா அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். கழுத்து பிடித்திருக்கிறது என்றாள். பல் டாக்டர் எழுந்துவந்து கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி அதையும் பார்த்துவிட்டு, “கடவாய்ப் பல்லு ஒண்ணை அடைக்கணும். மத்தபடி கழுத்து நல்லாருக்கு” என்றார்.

நோய் எடுபடவில்லை. வேன் பூங்காவின் வாசலுக்கு வந்தபோது நெட்டை எதிரே நின்றது. வண்டி நிறுத்துகிற மைதானத்தை ஒட்டியே அதன் பெரிய ஏற்றம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நிஜமாகவே பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. எல்லோரும் இறங்கி, ஷூ லேஸ் கட்டி, பையைத் தோளில் மாட்டி, ஒருவரையொருவர் அவசரப்படுத்தி உள்ளே போனார்கள். போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் சம்பந்தியம்மா நின்றாள்.

“டேய், ஃபிளாஸ்க் எங்கடா?”

“உன் கையிலதானே இருந்துச்சு.”

“நான் லேஸ் கட்டும்போது உன்கிட்ட குடுத்தேன்.”

“என்கிட்ட குடுத்தது உன் பையை.”

அது ஆரஞ்சு நிற ஃபிளாஸ்க். சம்பந்தியம்மாவுக்கு டீ இல்லாவிட்டால் கியர் விழாது. மீட்டர் தம்பியை வேனுக்குத் திருப்பி அனுப்பினாள். அவன் சீட்டுக்கடியில், பெட்ரோல் டாங்க் மூடிக்குப் பக்கத்தில், சக்கரத்துக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். மீட்டரைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒன்றே வேலையாக இருக்கிறவனுக்கு இவ்வளவு பெரிய ஃபிளாஸ்க் கண்ணில் படவில்லையே என்று அக்கா அவனை ஒரு பிடி பிடித்தாள். கண்ணாடிக்காரம்மா மட்டும், ஃபிளாஸ்க் காணாமல் போனதால் பயணம் ரத்து என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினாள்.

வரிசையில் அவர்களுக்கு முன்னால் இருபது பேர் இருந்தபோது அவள் வேண்டுதல் பலித்தது. ஏற்றத்தின் சங்கிலி நின்றுவிட்டது. கோளாறு சரியாக எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது என ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. கண்ணாடிக்காரம்மாவுக்கு அப்படியே பறக்கலாம் போலிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள அவள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை.

“அடடா” என்றாள். “சரி, என்ன செய்யறது. அதிர்ஷ்டம் இல்ல. சின்னதா வேற ஏதாவது ஒண்ணுல நூறு போட்டுக்கலாம். கண்ணாடி போட விடற மாதிரி.”

“நான் நகர மாட்டேன்” என்று சம்பந்தியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற இரண்டு பேரும் ஏதாவது குடிக்க வாங்கிவரப் போனார்கள். ஒரு மணி நேரம் போனது. சம்பந்தியம்மா நெட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

“என்னோட நூறாவது படத்தைப் பார்த்திருக்கீங்கல்ல, வேன் கூரையில?”

“தினமும் பார்க்கறேனே.”

“பக்கத்து சீட்டு காலியா இருக்கும். எங்க வீட்டுக்காரர் கீழ நின்னு என் பையைப் பிடிச்சிட்டிருந்தார். தம்பிக்கு அன்னைக்கு லீவு கிடைக்கல, டாக்டர் அப்ப எங்களோட சேரவே இல்ல. நூறு போட்டுட்டு இறங்கினேன், பார்த்ததைச் சொல்ல ஆளில்ல. அவர்கிட்ட சொன்னா ‘அப்படியா’ம்பார். அதான், உங்க நூறாவதுல நான் பக்கத்துல இருக்கணும்னு நாலு வருஷமா பார்த்துட்டிருக்கேன். நீங்க பார்க்கறதையெல்லாம் நானும் பார்க்கணும்.”

சற்று முன்னால் சந்தோஷப்பட்ட தன் மேல் கண்ணாடிக்காரம்மாவுக்கே அருவருப்பாக வந்தது. இந்த மனுஷி பக்கத்து சீட்டு காலியாக இருந்ததை நினைத்து வருத்தப்படுகிறாள், தொண்ணூற்றொன்பது தடவையும் பக்கத்து சீட்டு ஒரு கணக்கில் காலியாகத்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சங்கிலி கடகடவென்று ஓட ஆரம்பித்தது, வரிசை ஹோவென்று கத்தியது, போன இரண்டு பேரும் கையில் நாலு கோப்பையோடு ஓடிவந்து பாதியைத் தங்கள் மேலேயே கொட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மீட்டர் தம்பி பையிலிருந்து அட்டையில் செய்த ஒரு நூறை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினான். சீட்டு காட்டுகிற பெண் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றச் சொன்னாள். கறுப்புக் கண்ணாடியையும் கழற்றச் சொன்னாள். கண்ணாடி சாமான் பெட்டிக்குள் போவதைக் கண்ணாடிக்காரம்மா கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் இவளும் சம்பந்தியம்மாவும், இரண்டாவது வரிசையில் மற்ற இருவரும். பல் டாக்டர் ஏறும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கம்பி மடியில் விழுந்தது. ஷட்டரும் விழுந்தது.

கோஸ்டர் கிளம்பி, ஒரு வளைவு திரும்பி, சங்கிலியில் மாட்டி, மல்லாந்து ஏற ஆரம்பித்தது. டக், டக், டக் என்று அடியில் பல் கடிக்கிற சத்தம். காற்று மூடிய இமையில் பட்டது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் முகம் அம்மணமாக இருக்கிற மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“சம்பந்தி, கண்ணு மூடியிருக்கு” என்றாள் சம்பந்தியம்மா. “தூசி விழுந்துடுச்சா?”

பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆமாம் என்றால் போதும். தூசிக்கு மன்னிப்பு உண்டு.

“தூசி இல்ல” என்றாள். “நாலு வருஷமா மூடித்தான் இருக்கு.”

டக், டக், டக்.

“என்ன சொல்றீங்க?”

“தொண்ணூத்தொம்பதும். ஒண்ணைக்கூட நான் பார்க்கல, சம்பந்தி. கண்ணாடிக்குள்ள மூடிக்கிட்டேதான் இருந்தேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க என்னைச் சேர்த்துக்க மாட்டீங்களோன்னு சொல்லல.”

கோஸ்டர் ஏறிக்கொண்டே இருந்தது. பின்னால் மீட்டர் தம்பி நூறு, நூறு என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

“மரக் கோஸ்டர்?”

“அதுவும்.”

“புழு?”

“புழுவும்.”

முடிந்தது கதை என்று கண்ணாடிக்காரம்மா நினைத்தாள். கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது, வெளியே வர வழியில்லை. அப்போது அவள் கையின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. பிடித்த பிடியில் மோதிரம் விரலுக்குள் இறங்கியது.

“இன்னும் பத்து செகண்ட் இருக்கு” என்றாள் சம்பந்தியம்மா. அந்தக் குரலை இவள் இதற்கு முன் கேட்டதில்லை. முதல் தடவை ஸ்டியரிங் பிடிக்கிறவனிடம் பேசுகிற குரல். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட வராத ஒருமையும் அதில் வந்தது. “திற. முன்னாடி பாரு. நான் பக்கத்துலதான் இருக்கேன், எனக்கும் பிரேக் இருக்குன்னு நெனச்சுக்கோ. திற.”

கண்ணாடிக்காரம்மா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் முயன்றாள். ஒண்ணும் ஆகாது, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாடியை வைங்க. பச்சை லைட்டை மட்டும் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் மூடக் கூடாது. இருபத்தாறு வருடமாக ஊரையே திறக்கவைத்த அதட்டல், முதல் தடவையாக அவள் மேலேயே பாய்ந்தது.

திறந்தாள்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு வானம், அவள் நினைத்ததைவிடப் பெரியது. இவ்வளவா என்று அவளுக்குக் கோபமே வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டா நாலு வருடம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ரோடு, கூரைகள், மரங்கள், எல்லாம் ஒழுங்காக அடுக்கிவைத்த மாதிரி. கோஸ்டர் உச்சியில் ஒரு நொடி மூச்சுப் பிடித்து நின்றது. நேர் கீழே வண்டி நிறுத்துகிற மைதானம். வரிசையாக வண்டிகள். அதில் பெயர்ப் பலகை வைத்த வெள்ளை வேன் ஒன்று. பலகைக்குப் பின்னால், கூரையின் மேல், கீழே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

“ஃபிளாஸ்க்!” என்று கத்தினாள் கண்ணாடிக்காரம்மா. கையை நீட்டிக் காட்டினாள். “வேன் மேல ஃபிளா…”

அதற்குள் உலகம் காலடியிலிருந்து நழுவியது.

அந்த இறக்கத்தை என்ன சொல்வது. வயிறு பறந்தது பழைய சங்கதி. புதுசு என்னவென்றால், தரை எழுந்து வந்தது. புல் வந்தது, நிழல் வந்தது, இரும்புத் தூண்கள் விர்ரென்று இரண்டு பக்கமும் ஓடின. ஒரு குகை வாயைப் பிளந்தது, தலை போய்விடும் என்று நினைத்தாள், போகவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, கருவிழி காய்ந்தது, காயட்டும் என்று இருந்தது. அவள் கத்தியதில் பாதி பயம், பாதி ஆனந்தம், அதற்குள் அழுகையும் எங்கோ இருந்தது. ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை, இமைத்தாளா என்பதே சந்தேகம்.

கோஸ்டர் நின்றதும் பின்வரிசையில் கைதட்டல். மீட்டர் தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான். பல் டாக்டர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து நின்றார். சம்பந்தியம்மா கம்பியைத் தூக்கினாள், இறங்கினாள், சாமான் பெட்டியிலிருந்து தன் பையை எடுத்தாள், நேராகப் படம் காட்டுகிற கவுண்டருக்குப் போனாள். அங்கே திரையில் படம் வந்திருந்தது. கண்ணாடிக்காரம்மாவின் கண் இரண்டும் சாஸர் அளவுக்கு விரிந்திருந்தன, வாய் பிளந்திருந்தது, கை எங்கேயோ கீழே காட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் வெளிவாசலை நோக்கி நடந்தாள்.

“அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்றான் மீட்டர் தம்பி.

போகிறாள், என்னை இங்கேயே விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தபடி கண்ணாடிக்காரம்மா பின்னால் ஓடினாள். மைதானத்தில் சம்பந்தியம்மா, காலையில் லேஸ் கட்டக் கால் வைத்த அதே பம்பரில் ஒரு காலை வைத்து வேனில் ஏறி, பலகைக்குப் பின்னால் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது அதில் ஆரஞ்சு ஃபிளாஸ்க் இருந்தது.

கீழே இறங்கி, மூடியைத் திருகி, டீயை ஊற்றினாள். ஆவி வந்தது. ஒரு வாய் குடித்தாள். மூச்சு வாங்க ஓடிவந்து நின்ற கண்ணாடிக்காரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்குக் கோவம் இல்லைன்னு நினைக்காதீங்க” என்றாள். “இறக்கம் முழுக்கக் கோவமாத்தான் இருந்தேன். கோவத்துல உங்க மூஞ்சியையே பார்த்துட்டு வந்தேன். இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து, நெட்டையோட இறக்கத்தை நான் பார்க்கவே இல்ல.”

“உயிர்னு சொன்னேனே, அது பொய்யில்ல” என்றாள் கண்ணாடிக்காரம்மா. “கண்ணை மூடிட்டிருந்தாலும் உயிர்தான்.”

“டேய்” என்று சம்பந்தியம்மா தம்பியைக் கூப்பிட்டாள். “நோட்டை எடு. இவங்க பேர்ல இருக்கற தொண்ணூத்தொம்பதையும் அடி.”

“எதுக்கு?”

“கண்ணை மூடியிருந்தாங்களாம்.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

மீட்டர் தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பல் டாக்டருக்கு விக்கல் நின்றுவிட்டது. நாலு வருடமாக ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டவன் அவன். தும்மியதற்கு மூன்று மணி நேரம் திரும்பிப் போனவன். அதே ஸ்கேலை வைத்துப் பக்கம் பக்கமாகக் கோடு இழுத்தான். கண்ணாடிக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்டு வாங்கிய தண்டனைதான், இருந்தும் ஒவ்வொரு கோட்டுக்கும் வலித்தது.

“கீழ ஒண்ணுன்னு எழுது” என்றாள் சம்பந்தியம்மா. “நெட்டை. இன்னைய தேதி. ஃபிளாஸ்க்கைக் கண்டுபிடிச்சாங்க, சாட்சி நான். என் கணக்குல நெட்டையை எழுதாதே. நான் பார்க்கல, சட்டம்னா எனக்கும் சட்டம்தான். வரிசை சின்னதாத்தான் இருக்கு, இப்பவே மறுபடி போறோம்.” பிறகு ஃபிளாஸ்க் மூடியில் டீயை நிரப்பி இவளிடம் நீட்டினாள். “நாளைக்குக் காலையில புழு. போற வழிதான். அப்புறம் மரம். மிச்சத்தையெல்லாம் லீவு லீவாப் பார்த்துக்கலாம். தொண்ணூத்தொம்பது பாக்கி இருக்கு, எத்தனை வருஷம் ஆகுமோ.”

கண்ணாடிக்காரம்மா மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வருஷம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது பொலபொலவென்று வந்துவிட்டது. டீயில் இரண்டு சொட்டு விழுந்தது, பரவாயில்லை என்று குடித்தாள்.

மறுபடி பூங்காவின் வாசலுக்கு நடக்கும்போது சம்பந்தியம்மா சட்டென்று நின்றாள்.

“அப்ப அந்த ஏரி?”

“அது நீங்க சொல்லிக் கேட்டது.”

“கொக்கு?”

கண்ணாடிக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “ரெண்டும் நான் விட்டது.”

சம்பந்தியம்மா அவளை முறைத்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, மூக்கு விடைத்தது, பிறகு மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு தாங்காமல் பக்கத்து வண்டியின் மேல் சாய்ந்தாள், அந்த வண்டி அலாரம் போட்டுக் கத்தியது. கண்ணாடிக்காரம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

“சரி” என்றாள் சம்பந்தியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஏரிக்கும் போவோம். கொக்கு இருக்கா இல்லையான்னு சேர்ந்து பார்த்துடுவோம்.”